பெரியவர் கையில் எடுத்த கிளாஸ்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் காலத்தில் நாங்கள் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்ததை இன்றைக்கு நீங்கள் ஒரு கம்பியைச் சொருகிப் படித்துவிடுகிறீர்கள். அதனால், முப்பது வருட வேலையில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அது பட்டறையில் நடந்ததல்ல. ஆயர் ஈத்தாமில் என் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவை செய்த வெள்ளைச் சட்டையோடு செய்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது நான் ஜார்ஜ் டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் தலைமை மெக்கானிக். எந்த மோட்டாரும் என் கைக்கு அடங்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். வீட்டில் மூன்று பேர்: நான், என் மனைவி கமலா, என் தங்கை சரோஜா. சரோஜா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வயது முப்பத்திரண்டு. அதற்கு முன் மூன்று குடும்பங்கள் அவளைப் பெண் பார்க்க வந்து போயிருந்தன. மூன்றாவது குடும்பம் போன மறுநாள் அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே நான் தட்டு தூக்கிக்கிட்டு வர மாட்டேண்ணே. வர்றவங்க வரட்டும், உக்காரட்டும், பேசட்டும். அவங்க என்னைப் பாக்குற மாதிரி நானும் அவங்கள பாக்கணும்லா."

நாலாவதாக வரவிருந்தவர்கள், எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போக வேண்டிய கெப்பாலா பத்தாஸ்காரர்கள். மாப்பிள்ளை குணசேகரனுக்கு அரசாங்க வேலை. அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. அவரைப் பற்றித் தரகர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மனுஷன் நல்லவரு. ஆனா மரியாதையில ஒரு புள்ளி கொறஞ்சாலும் எழுந்து போயிருவாரு." நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இனி என் மோட்டாரின் கதை. பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உள்ள வண்டி. அந்த பிரேக்குக்கு வேண்டிய எண்ணெய், பக்க மூடிக்குப் பின்னால் தைலப் புட்டி அளவிலான ஒரு பிளாஸ்டிக் குப்பியில் இருக்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் குப்பியில் விரிசல் விட்டு, ஒரு வாரமாக எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. புதுக் குப்பியை வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அதைக் கையில் எடுத்தேன்.

"இன்னிக்கு வேணாங்க," என்றாள் கமலா.

"நாளைக்கு வேலைக்கு இதுலதானே போகணும்? பத்து நிமிஷ வேலைலா."

உண்மை அதுவல்ல. மறுநாள் பஸ்ஸில் போயிருக்கலாம். இந்த இடமும் தட்டிப்போனால் சரோஜா இனிமேல் யாரையும் வரவிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பயம் வந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று செய்வார்கள். சிலர் புகைப்பார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுவான். வேலை தேவைப்பட்டது மோட்டாருக்கு இல்லை, எனக்கு. நீங்கள் ஸ்பேனரை எடுக்கும்போது இந்த இரண்டில் எது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய குப்பியைக் கழற்றிப் புதியதை மாட்டியாயிற்று. அதில் எண்ணெய் ஊற்ற வேண்டும். பட்டறையில் மூக்கு நீண்ட குவளை உண்டு, வீட்டில் இல்லை. என்னிடம் இருந்ததோ பெரிய டின். அதைச் சாய்த்து அந்தச் சின்ன வாய்க்குள் ஊற்றினால் பாதி தரைக்குப் போகும். அடுப்படிக்குப் போய் ஒரு கிளாஸ் எடுத்து வந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த கிளாஸ், ஆரஞ்சுப் பூப் போட்டது, ஆறில் ஒன்று. டின்னிலிருந்து அதில் ஊற்றி, அதிலிருந்து குப்பிக்கு ஊற்றினேன். மீதி முக்கால் கிளாஸ் இருந்தது. பக்கத்தில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்தேன். பிறகு கழுவிக் கமலாவுக்குத் தெரியாமல் அலமாரியில் வைத்துவிடலாம் என்பது திட்டம்.

புது பிரேக் எண்ணெயின் நிறம் உங்களுக்குத் தெரியும். இளமஞ்சள். தெளிவு. அன்றைக்குக் கமலா வருகிறவர்களுக்காக என்ன போட்டு ஆற வைத்திருந்தாள் தெரியுமா? சந்தையில் வாங்கிய செவ்வந்திப் பூவைக் கொதிக்க வைத்து, சீனி போட்ட தேத்தண்ணி. அதுவும் இளமஞ்சள். அதுவும் தெளிவு. ஊற்றி வைத்திருந்ததோ மீதமிருந்த ஐந்து ஆரஞ்சுப் பூ கிளாஸ்களில்.

இனி மிச்சம் இருந்தது, பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பிரேக் மிதியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். கமலாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வாசலில் கார் சத்தம்.

மணி மூன்றரை. மாப்பிள்ளையின் அப்பா, அந்தப் பெரியவர், எங்கே போனாலும் அரை மணி முன்னதாகப் போகிறவர் என்பதைத் தரகர் சொல்லாமல் விட்டிருந்தார்.

கார் நேராக எங்கள் வாசலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. பழைய கார்தான், ஆனால் பெயிண்ட் புதுசு. கருஞ்சிவப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு மினுக்கம். அதிலிருந்து பெரியவரும் அவர் மனைவியும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். பெரியவர் இறங்கியதும் முதலில் கைக்குட்டையை எடுத்துக் கதவில் பட்டிருந்த தன் விரல் தடத்தைத் துடைத்தார்.

நான் கரிக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தேன். "வாங்க வாங்க. கை அழுக்கா இருக்குங்கய்யா, மன்னிக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க நாலு மணின்னுதான் சொன்னோம். நீங்க ஒங்க வேலையைப் பாருங்க." அதில் எத்தனை புள்ளி குறைந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

உள்ளே வரச் சொன்னேன். வெளியே காற்று நன்றாக இருக்கிறது, இங்கேயே உட்காரலாம் என்றார் அவர் மனைவி. காரைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள வசதி என்பதால் பெரியவரும் சம்மதித்தார். கமலா அவசரமாக நாற்காலிகளைக் கொண்டு வந்து போட்டாள். போட்ட இடம், சிவப்பு ஸ்டூலுக்குப் பக்கம்.

மாப்பிள்ளை உட்காரவில்லை. நேராக என்னிடம் வந்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக் குந்தினார்.

"பின் பிரேக்காண்ணே? ஏதாச்சும் பிடிக்கணுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் திருகு திறந்தால் முடிந்துவிடும் வேலை; கேட்கிறவரும் ஆசையாகக் கேட்கிறார். "இந்த மிதியைக் கையால நல்லா அமுக்கிப் பிடிங்க. நான் சொன்னாத்தான் விடணும். சொல்லாம விட்டீங்கன்னா காத்து உள்ள போயிரும், அப்பறம் எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும்."

"சரிண்ணே." அமுக்கினார். நான் திருகைத் திறந்தேன். திருகில் மாட்டியிருந்த சிறு குழாய் வழியாகக் குமிழி குமிழியாகக் காற்று, கீழே வைத்திருந்த ஜேம் போத்தலுக்குள் வந்தது.

இதற்குள் கமலா தட்டைக் கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டார். பெரியவர் அந்த நேரம் காரின் முன்விளக்கை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். கமலா அவருக்காக ஒரு கணம் நின்றுவிட்டு, பலகாரம் எடுக்கத் தட்டோடு உள்ளே திரும்பினாள். பெரியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி கையில் ஆரஞ்சுப் பூ கிளாஸ், அதில் இளமஞ்சள் தேத்தண்ணி. தன் பக்கத்து ஸ்டூலின் மேல் ஆரஞ்சுப் பூ கிளாஸ், அதிலும் அதே. அவர் கையில் எடுத்தார்.

நான் பார்த்துவிட்டேன்.

தம்பிகளா, இங்கேதான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் உடனே கத்தவில்லை. அரை வினாடி யோசித்தேன். 'எப்படியும் மோந்து பார்ப்பார், வாடை அடிக்கும், வைத்துவிடுவார். கத்தினால் மானம் போகும்' என்று யோசித்தேன். ஒரு மனிதர் விஷத்தை வாய்க்குக் கொண்டு போகிறார். நான் மானத்தைப் பற்றி யோசிக்கிறேன். அந்த அரை வினாடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேர்க்கும்.

பிறகு கத்தினேன். கதவருகே திரும்பி வந்த கமலாவைப் பார்த்துத்தான் கத்தினேன்.

"விடாதீங்க! குடிக்க விடாதீங்க!"

நான் கமலாவை நீங்க நாங்க என்று கூப்பிடுகிறவன் அல்ல. பதற்றத்தில் மரியாதை தானாக வந்துவிட்டது. அந்த மரியாதையால் வந்த வினை: கமலா அது தனக்கில்லை என்று நினைத்து நின்றுவிட்டாள். முதல் வார்த்தையை மாப்பிள்ளை கேட்டு, மிதியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதைப் பெரியவர் கேட்டார்.

கிளாஸ் அவர் நெஞ்சளவில் நின்றது. முகம் காரைவிடச் சிவந்தது.

"என்னாங்க? இந்த வீட்ல நான் ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு, குடித்தே காட்டுவது என்று கிளாஸை உயர்த்தினார்.

நான் ஸ்பேனரை விட்டுவிட்டுப் பாய்ந்தேன். கால் பட்டு ஜேம் போத்தல் உருண்டது. பெரியவரின் மணிக்கட்டில் ஓங்கி ஒரு தட்டு. கிளாஸ் பறந்து போய்க் காரின் போனெட் மேல் விழுந்து, இரண்டு குதி குதித்து, உடையாமல் புல்லில் இறங்கியது. நல்ல கிளாஸ். உள்ளே இருந்தது மட்டும் முழுவதும் போனெட்டில்.

சரோஜா கதவருகே வந்து நின்றாள். பட்டுச் சேலை, தலையில் பூ. அவள் பார்த்தது, அவள் அண்ணன் வருங்கால மாமனாரைக் கைநீட்டி அடித்துவிட்டு நிற்பதை.

"ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கா அடிக்கிறீங்க?" என்றார் பெரியவர்.

"ஐயா, அது தேத்தண்ணி இல்லைங்கய்யா. பிரேக் எண்ணெய். விஷம். உதட்டுல பட்டுச்சா? சொல்லுங்க, பட்டுச்சா?"

அவர் நாக்கை வெளியே நீட்டாமலே உள்ளுக்குள் சோதித்துப் பார்த்தார். "இல்லை."

"ஒரு சொட்டு?"

"இல்லைங்கிறேன்ல." தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருந்தாலும் கமலா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து அவரை வாய் கொப்பளிக்க வைத்தாள். கொப்பளித்து முடித்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் குறைந்திருந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் என் கண் போனெட்டில் போனது.

பிரேக் எண்ணெய் பெயிண்டை என்ன செய்யும் என்று அந்த வாசலில் நின்றவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது ஏதோ கொட்டியது, அவ்வளவுதான். ஒரு துணியை எடுத்துச் சிரித்துக்கொண்டே துடைத்திருந்தால் பளபளவென்று இருந்திருக்கும். பாலத்தைத் தாண்டும்போது பெயிண்ட் சுருங்க ஆரம்பிக்கும். பெயிண்ட் அடித்தவனைத்தான் பெரியவர் திட்டுவார். இந்த யோசனையும் எனக்கு வந்தது, உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அரை வினாடியை ஏற்கெனவே ஒரு தடவை வீணாக்கியிருந்தேன். ஒரே நாளில் இரண்டு தடவை அதே தப்பைச் செய்ய வெட்கமாக இருந்தது.

"ஐயா, ஒங்க காடி பெயிண்ட் உரிஞ்சு வந்துரும். தண்ணி ஊத்தணும். இப்பவே!"

குழாயடியில் நிறைந்திருந்த வாளியைத் தூக்கி, ஓடி வந்து, போனெட்டைக் குறி வைத்து வீசினேன். குறி தப்பவில்லை. ஆனால் 'பெயிண்ட் உரியும்' என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரியவர் நாற்காலியிலிருந்து பாய்ந்து, கைக்குட்டையோடு போனெட்டின் மேல் கவிழ்ந்துவிட்டார். வாளித் தண்ணீர் முழுவதும் அவர் முதுகில்.

பெரியவர் மெல்ல நிமிர்ந்தார். காதிலிருந்து தண்ணீர் வடிந்தது. சட்டைப் பையிலிருந்த பேனா நீல மை விட்டது.

முதலில் ஒரு விக்கல் மாதிரி கேட்டது. அவர் மனைவி. வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசாத அந்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கல்யாணம் பண்ண நாள்ல இருந்து பாக்கறேன், இவர யாராச்சும் நனைக்க மாட்டாங்களான்னு!"

அதற்குள் சரோஜா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தொழிற்சாலையில் அவள் எப்படி வேலை வாங்குவாள் என்று அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே, சவுக்காரம். அண்ணி, இன்னொரு வாளி. ஐயா, கைக்குட்டையால தேய்க்காதீங்க, பரவிரும். தள்ளி நில்லுங்க. அம்மா, சிரிச்சது போதும், அந்தக் குழாயத் தொறந்துவிடுங்க."

எல்லோரும் கீழ்ப்படிந்தோம். பெரியவரும்தான். ஒரு காரை ஐந்து பேர் அத்தனை வேகமாகக் கழுவி நான் பார்த்ததில்லை. கடைசியில் வெற்றிலை அளவு ஓரிடம் மட்டும் பாலாடை போலச் சுருங்கிவிட்டது. மீதி தப்பியது. பெரியவர் அந்த வெற்றிலையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கமலா கொடுத்த என் கைலியையும், முதுகில் டயர் விளம்பரம் போட்ட என் பனியனையும் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தக் கோலத்தில் மரியாதையில் எத்தனை புள்ளி மிச்சம் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

"குணா எங்க?" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் திரும்பினோம்.

மாப்பிள்ளை மோட்டாருக்குப் பக்கத்தில், அதே இடத்தில், அதே குந்தலில் இருந்தார். இரண்டு கையாலும் மிதியை அமுக்கிப் பிடித்திருந்தார். கையில் நரம்பு புடைத்து, விரல்கள் வெளுத்திருந்தன. மூக்கு நுனியில் வேர்வை.

"அண்ணே," என்றார், "விடலாமா?"

எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. கால் மணிக்கு மேல் ஆகியிருக்கும். திருகு திறந்து கிடந்தது. குழாயின் முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு நொடி கையைத் தளர்த்தியிருந்தாலும் காற்று மொத்தமாக உள்ளே போயிருக்கும். ஓடிப்போய்த் திருகை மூடி, "விடுங்க, விடுங்க" என்றேன். விட்டார். ஆனால் விரல்கள் நிமிரவில்லை. கொக்கி மாதிரி வளைந்தே நின்றன.

சரோஜா அவர் முன்னால் போய் நின்றாள். சோப்பு நுரை அவள் முழங்கை வரை.

"ஒங்க அப்பா நனைஞ்சாரே, ஓடி வரணும்னு தோணலையா?"

"தோணுச்சுங்க. குடிக்கலன்னு அவரு சொன்னத கேட்டேன். அப்பறம் பட்டது தண்ணிதானே." கொஞ்சம் யோசித்து, "அண்ணன் சொல்லாம விடக்கூடாதுன்னாரு," என்றார்.

சரோஜா உள்ளே போய்த் துணியில் ஐஸ் கட்டிக் கொண்டு வந்தாள்.

நான் சாமான்களை எடுத்து வைக்கப் போனேன். பெரியவர் கைலியைச் சரிசெய்துகொண்டு, "எங்க போறீங்க? எடுத்த வேலைய முடிங்க," என்றார். பிறகு என்னிடம் ஒரு தாளும் பசையும் கேட்டார். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தாவின் முத்து முத்தான கையெழுத்தில், தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும், 'விஷம். குடிக்கக் கூடாது' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, ஜேம் போத்தலில் தானே ஒட்டினார். நான் வேலையை முடித்தேன்; மிதித்தால் பிரேக் கல் மாதிரி நின்றது. அதன் பிறகு எல்லோரும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். பெரியவர் தன் கிளாஸை முதலில் மனைவியிடம் கொடுத்து ஒரு வாய் குடிக்கச் சொன்னார். அந்த அம்மா குடித்துவிட்டுக் கண்ணைச் செருகி நாற்காலியில் சாய்ந்தார். பெரியவர் அலறிவிட்டார். அது அந்த அம்மாவின் விளையாட்டு.

அவர்கள் போன பிறகு நான் சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேணாம்னுதான் சொல்லி அனுப்புவாங்க. எல்லாம் என்னாலதான்."

"அவங்க சொல்றது அவங்க பாடுண்ணே. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான். ஐஸ் வெக்கிறப்பவே பேசி முடிச்சிட்டோம். நீதான் பிரேக்கப் பாத்துக்கிட்டு இருந்தியே."

வேலை நேரத்தில் தேத்தண்ணி குடிக்கும் கிளாஸில் எண்ணெய் ஊற்றும் ஆள் இந்தப் பட்டறையில் இருந்தால், இனிமேல் ஊற்ற மாட்டார் என்று நம்புகிறேன். தப்பு நடந்துவிட்டால், வாடிக்கையாளர் பாலத்தைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் என்னிடம் பாடம் இல்லை.

நாலாம் நாள் கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு செய்து, மூன்று அம்சங்களாக எண் போட்டிருந்தது. ஒன்று, சம்பந்தத்துக்குச் சம்மதம். இரண்டு, போனெட் முழுவதற்கும் நிறம் மாறாமல் திரும்பப் பெயிண்ட் அடிக்கப்பட வேண்டும். மூன்று, திருமண மண்டபத்தில் குடிக்கும் எதையும் மணமகளின் அண்ணன் தொடக் கூடாது.

மூன்றுக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கல்யாணத்தன்று எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை வடை பரிமாறுவது. பந்தி முடியும் வரை பெரியவர் என் பின்னாலேயே நடந்து வந்தார்.